நெஞ்சுக்குள் ஒரு குக்கர்

தங்கையின் நிச்சயதார்த்தத்துக்குப் புடவை எடுத்துக்கொண்டு வெளியே கால் வைத்த தமயந்தியைப் பார்த்து, "ஐந்து லிட்டர் பிரஷர் குக்கர், ஒன்று. பில் போடப்படவில்லை" என்றது கடையின் வாசல்.

குரல் என்னவோ இனிமையான பெண் குரல்தான். பஸ்ஸில் அடுத்த நிறுத்தத்தைச் சொல்லுமே, அதைப் போலக் கோபமே இல்லாத குரல். ஆனால் ஞாயிற்றுக்கிழமை, காஞ்சிபுரம் காந்தி ரோடு, கீழே பாத்திரம் மேலே ஜவுளி என்று நான்கு மாடிக்குக் கூட்டம் பிதுங்கும் கடை. வரிசையில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். தமயந்தியிடம் இருந்ததோ ஒரு புடவைப் பையும், தண்ணீர் பாட்டில்கூட நுழையாத ஒரு கைப்பையும்.

"பையைத் தெறங்கக்கா" என்றாள் வாசலில் நின்ற செக்யூரிட்டிப் பெண்.

"தெறக்கறேன். உள்ள குக்கர் இருந்தா நீயே எடுத்துக்கோ."

இருக்கவில்லை. அதற்குள் பின்னாலேயே வந்த ரோஸ்லின் வாசலைத் தாண்ட, "மிக்ஸி, மூன்று ஜார், ஒன்று" என்றது அதே குரல். ரோஸ்லின் ஒரகடத்துக் கம்பெனியில் தமயந்தியோடு ஒரே லைனில் வேலை பார்ப்பவள். எட்டு வருட சர்வீஸ். எதற்கும் அசராதவள்.

"பாத்தியா, உனக்கு வெறும் குக்கரு. எனக்கு மூணு ஜாரோட மிக்ஸி" என்றாள்.

செக்யூரிட்டிப் பெண்ணுக்குச் சிரிப்பதா முறைப்பதா என்று தெரியவில்லை. இரண்டு பேரையும் துணி போட்டுப் பார்க்கும் அறைக்குக் கூட்டிப்போய்க் கைக்கருவியை நீட்டினாள். புடவைப் பை மேல் அது வாயே திறக்கவில்லை. கைப்பை மேலும் இல்லை. தமயந்தியின் நெஞ்சுக்கு நேராக வந்ததும் குருவி போலக் கத்தியது. முதுகுப் பக்கம் கொண்டுபோனாள். அங்கேயும் கத்தியது.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. உள்ள எதனா வச்சிருக்கீங்களா?"

"உள்ள நான்தான் இருக்கேன்" என்றாள் தமயந்தி. சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கே புரிந்துவிட்டது. "அந்தக் குக்கரோட லாட் நம்பரைப் படி."

அவள் கைக்கருவியின் திரையைப் பார்த்துப் படித்தாள். சித்திரை வெயிலில் இரண்டாவது லைனின் ஊதுகுழாய் அடைத்துக்கொண்டு, தமயந்தியும் ரோஸ்லினும் பொடி தூவும் கூண்டுக்குள்ளேயே தலையை விட்டுத் துடைப்பத்தால் குத்திக் குத்திச் சரிசெய்தார்களே, அன்றைக்கு ஓடிய லாட். அந்த எண்ணை மெஷினில் அடித்தவளே தமயந்திதான்.

"இன்னாக்கா இது?" என்றாள் செக்யூரிட்டிப் பெண்.

"டூப்ளிகேட் குக்கர் மார்க்கெட்டுக்கு வருதில்ல? அசல் எதுன்னு தெரிய எங்க கம்பெனியில ஒரு பொடி தூவறோம். ஒரு கோலமாவுத் துணுக்கைப் பல ஆயிரமா உடைச்சு அதுல ஒண்ணை எடுத்தா எப்படியிருக்கும், அந்த சைஸ். உங்க வாசல் ரேடியோவுல 'நீ யாரு'ன்னு கேக்குது. 'நான் இந்தக் கம்பெனி குக்கரு, இந்த லாட்டு'ன்னு பொடி பதில் சொல்லுது."

"அது எப்படிக்கா உங்க நெஞ்சுக்குள்ள போச்சு?"

"மூச்சு விட்டோம்ல, அப்படித்தான்."

"முன்னெல்லாம் கத்துனதில்லையே."

"முன்னெல்லாம் உங்க வாசலுக்குக் காது கம்மி. இது புதுசா?"

"ஆடித் தள்ளுபடிக்கு மாட்டினாங்கக்கா. கூட்டத்துல எங்க ஒளிச்சாலும் கண்டுபுடிக்குமாம்." சொல்லிக்கொண்டே அவள் அரை அடி பின்னால் போனாள். "ஒட்டிக்குமா?"

"ஒட்டாது. அங்க வேலைக்குச் சேர்ந்தாதான் ஒட்டும்."

பஸ் ஸ்டாண்டு வரை ரோஸ்லின் அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். சிரிப்பு நடுவில் இருமலாக மாறி, ஒரு மின்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தமயந்தி சிரிக்கவில்லை.

*

கம்பெனி அந்தப் பொடிக்கு வைத்த பெயர் சாட்சி. ஒரகடத்தில் அதைத் தூவுகிறவர்களுக்கு அது மாவு. குக்கர், மிக்ஸி, ஃபேன், இண்டக்ஷன் அடுப்பு என்று ஊர்ப்பட்ட கம்பெனிகளின் சரக்கு உள்ளே வந்து, மாவு பூசிக்கொண்டு, பெட்டிக்குள் போய் வெளியேறும். தமயந்தி செய்யாறு கல்லூரியில் வேதியியல் படித்தவள். அவள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். அதற்கு அரசாங்கம் ஒரு சான்றிதழே கொடுத்திருந்தது. கம்பெனி கொடுத்தது ஒரு தொப்பி, ஒரு துணி மாஸ்க். படித்தவளுக்கும் படிக்காதவளுக்கும் அதே மாஸ்க்தான். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் கம்பெனிக்குச் சமத்துவம் பிடிக்கும். ஊரில் அவளுடைய அப்பா பார்க்கிறவர்களிடமெல்லாம் "எம்பொண்ணு ஏசியில வேலை செய்யுது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அது உண்மைதான். மாவுக்கு வெயில் ஆகாது.

திங்கட்கிழமை ஷிஃப்ட் ஏறியதும் அவள் நேராகப் பாதுகாப்பு அதிகாரி பாலமுரளியிடம் போனாள். அவள் வயதுக்காரன். கழுத்தில் டை, நெற்றியில் விபூதி, யாரைப் பார்த்தாலும் முதலில் ஒரு மன்னிப்புச் சிரிப்பு.

"சார், நேத்து என்னைக் கடையில குக்கர்னு புடிச்சிட்டாங்க."

"துணியில ஒட்டியிருக்கும் மேடம்."

"குளிச்சிட்டுத் தொவைச்ச துணி போட்டுக்கினு போனேன்."

"முடியில?"

"முடி நெஞ்சுக்குள்ளயா சார் இருக்குது?"

பாலமுரளி அவளைத் தளத்துக்குக் கூட்டிவந்து கதவுக்கு மேலே இருந்த வெள்ளைப் பெட்டியைக் காட்டினான். காற்றில் எவ்வளவு மாவு இருக்கிறது என்று அளக்கும் பெட்டி. அதன் முகத்தில் பச்சை எழுத்தில் பூஜ்யம்.

"பாருங்க. உங்க உள்ள போகணும்னா காத்துல இருக்கணும்ல. காத்துல இல்லவே இல்ல."

"எப்பருந்து இல்ல?"

அவன் கைபேசியில் தேடினான். தேடியதும் முகம் மலர்ந்தது. "போன ஆயுத பூஜையிலருந்து. அதுக்கு முன்னாடி அப்பப்ப ஏறும், இறங்கும். பூஜை போட்டப்புறம் ஒரு நாள்கூட ஏறல. எல்லாம் அம்பாள் அருள்னு மேனேஜர் மெய்யப்பன் சாரே சொன்னாரு."

பக்கத்தில் ட்ரே அடுக்கிக்கொண்டிருந்த ரோஸ்லின் கையை நிறுத்தினாள். "அன்னிக்குத்தான அவரு ஃபோர்க்லிஃப்ட்ல ஏறி நின்னாரு?"

ஞாபகம் இல்லாதவர்கள் யார்? தமயந்தியின் போனிலேயே வீடியோ இருந்தது. பட்டு வேட்டி கட்டிய மேனேஜர் மெய்யப்பனை ஃபோர்க்லிஃப்ட் மெதுவாகத் தூக்குகிறது. கையில் சந்தனக் கிண்ணம். மெஷின் மெஷினாகப் பொட்டு வைத்துக்கொண்டே வருகிறார். கடைசியில் கதவுக்கு மேலே அந்த வெள்ளைப் பெட்டி. அதன் நட்ட நடுவில், பொட்டுக்கென்றே செய்தது மாதிரி வட்டமாக ஓர் ஓட்டை. மனுஷன் அதைத்தான் நெற்றி என்று நினைத்துக்கொண்டார். தாராளமாகச் சந்தனம் எடுத்து அப்பி, அதன்மேல் குங்குமம் வைத்து, கொஞ்சம் பின்னால் சாய்ந்து அழகு பார்க்கிறார். கீழே விசில் பறக்கிறது. விசிலடிப்பது ரோஸ்லின்.

பாலமுரளியின் முகத்தில் ஈயாடவில்லை. "அது காத்து இழுக்கற வழி" என்றான் மெல்ல.

தமயந்தி ஏணியைப் போட்டு ஏறினாள். சந்தனம் சிமெண்டாக இறுகியிருந்தது. மேலே குங்குமம் கறுத்து, ஒரு செவ்வந்தி இதழ்கூட அப்படியே ஒட்டியிருந்தது.

"பெட்டி பத்து மாசமா மூச்சே விடல சார்" என்று மேலேயிருந்து சொன்னாள். "அதுக்கும் சேத்து நாங்க விட்டுக்கினு இருக்கோம்."

பொட்டைச் சுரண்டக் கை தயங்கியது. சாமிக்கு வைத்தது. ரோஸ்லின் அவளைப் பார்த்து, "நீ எறங்கு. எனக்கு அந்த பயமெல்லாம் கிடையாது. எதுவா இருந்தாலும் நான் மாதாகிட்ட பேசிக்கறேன்" என்று கொண்டை ஊசியைப் பிடுங்கிக்கொண்டு ஏறினாள். நான்காவது படியில் ஒரு தடவை நின்று மூச்சு வாங்கினாள். பிறகு ஏறிச் சுரண்டினாள்.

பெட்டி ஒரு முறை விக்கியது. பச்சை மஞ்சளானது, மஞ்சள் சிவப்பானது, பிறகு யாரும் அங்கே கேட்டேயிராத ஒரு சங்கு அலறியது. பாதி ஜனம் அதைச் சாப்பாட்டு மணி என்று நினைத்துத் தட்டை எடுத்துக்கொண்டு கேண்டீனுக்குக் கிளம்பிவிட்டது.

*

மெய்யப்பனின் அறை தளத்துக்கு மேலே, கண்ணாடி போட்டது. அங்கேயிருந்து பார்த்தால் நாலு லைனும் தெரியும். அவர் கத்துகிற மேனேஜர் இல்லை. டீ வரவழைத்துக் கொடுத்து வயிற்றில் அடிக்கிற ரகம்.

"தமயந்தி, நீ படிச்ச பொண்ணு. பக்குவமாப் பேசலாம். அந்தப் பெட்டிய மாத்திடலாம். புதுசு வர்ற வரைக்கும் ரிப்பேர்னு போட்டுக்கலாம். தீபாவளி ஆர்டர் போகட்டும், அப்புறம் கூண்டையும் பாக்கலாம். என்ன?"

"அதுவரைக்கும் மூச்சு விடாம இருக்கணுமா சார்?"

"நீங்க மட்டும் ஒழுங்கா? ஷிஃப்ட் முடிஞ்சதும் ஏர் கன் எடுத்து ஒருத்தர் மேல ஒருத்தர் அடிச்சுக்கறீங்க. பறக்காம என்ன செய்யும்?"

உண்மைதான். தினமும் கிளம்பும்போது காற்றுக்குழாயால் ஒருவர் துணியை ஒருவர் ஊதிவிடுவார்கள். அதில் ஒரு விளையாட்டும் உண்டு. புதுசாகக் கல்யாணம் ஆனவளுக்கு ரெண்டு அடி கூடுதல்.

"சீட்டு வெள்ளையாவுதுன்னு கம்பெனி பஸ்ஸில டிரைவர் ஏத்த மாட்டேங்கறாரு சார். குளிக்க எடம் கேட்டோம். நீங்க குடுத்தது ஏர் கன்னு."

மெய்யப்பன் டீயைக் கலக்கினார். "லேப்ல ஒரு போஸ்ட் காலியா இருக்கு. கெமிஸ்ட்ரி படிச்ச ஆளுதான் வேணும். அங்க மாவே கிடையாது."

அந்த லேப் வேலைக்குத்தான் தமயந்தி இரண்டு வருடமாக அலைந்துகொண்டிருந்தாள். அந்தாளுக்கும் அது தெரியும். அதனால்தான் அவளுக்குக் கோபம் கழுத்து வரைக்கும் வந்தது.

"ரோஸ்லின் அக்கா ஏணி ஏறினா நடுவுல நிக்குது சார். போன வருஷம் நிக்கல."

"வயசாகுதில்ல."

"நாப்பத்தொண்ணு. உங்களுக்கு எவ்ளோ சார்?"

அவர் டீயை ஓரமாக நகர்த்தி வைத்தார். "கடைக் கதவு தப்பாச் சொன்னா அதுக்கு நாம பொறுப்பில்ல. எவன் செஞ்ச கதவோ."

"அப்ப சரக்கை எண்ணி வெளிய அனுப்பற நம்ம டெஸ்பாட்ச் கதவு?"

"அது நம்ம தயாரிப்பு. ஊருக்கெல்லாம் விக்கறோம். அது இன்னிக்கு வரைக்கும் ஒரு தப்பு சொன்னதில்ல." இதைச் சொல்லும்போது அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

*

கேண்டீனில் சாம்பார் சாதம். செய்தி அதற்குள் எல்லா மேஜைக்கும் போயிருந்தது. பாதிப் பேருக்குக் கடை அனுபவம் ஏற்கெனவே உண்டு என்று அப்போதுதான் வெளியே வந்தது. வெட்கப்பட்டுக்கொண்டு யாரும் யாரிடமும் சொல்லவில்லை. பேக்கிங் குமுதாவை அவள் மாமியார் முன்னாலேயே டேபிள் ஃபேன் என்று பிடித்திருக்கிறார்கள். மாமியார் இன்றுவரை நம்பவில்லை.

"லைனை நிறுத்தச் சொல்லணும்" என்றாள் தமயந்தி. "எல்லாருக்கும் நெஞ்சைப் பாக்கணும்."

"நிறுத்தினா தீபாவளிக்கு இன்னா பண்றது?" என்றாள் குமுதா.

"நீ லேபுக்குப் போயிடு புள்ள" என்றாள் ரோஸ்லின், அப்பளத்தை உடைத்துக்கொண்டே. "நீயாவது நல்ல காத்து வாங்கு. எனக்கென்ன, உள்ள ஒரு கடையே வச்சிருக்கேன். அந்தச் சரக்குப் போற கதவு வழியா ஒருநாள் வீட்டுக்குப் போனேன்னு வையி, என் பேர்ல பில்லு போட்டு லாரியில ஏத்திடுவானுங்க."

தமயந்தி சாப்பிடுவதை நிறுத்தினாள்.

டெஸ்பாட்ச் கதவில் ஆள் கிடையாது. சரக்கு தாண்டும், கதவு எண்ணும், எண்ணிய நொடியே பில் போகும், வாங்கிய கம்பெனிக்கும் ஹெட் ஆபீசுக்கும் செய்தி போகும். தொழிலாளிகள் போக வர வேறு சின்ன கேட் இருந்தது. இந்தக் கதவு வழியாக ஒருவரும் நடந்ததில்லை. நடக்கக் கூடாது என்று யாரும் சொன்னதும் இல்லை. சொல்லத் தோன்றியிருக்காது.

"அக்கா, இன்னிக்கு எல்லாரும் அந்தப் பக்கமாப் போவலாமா?"

"வேலைய விட்டுத் தூக்கிடுவான்."

"எதுக்குத் தூக்குவான்? வேலைய நிறுத்தலை. கோஷம் போடலை. ஷிஃப்ட்டு முடிஞ்சு வீட்டுக்குப் போறோம். வழிதான் வேற."

குமுதா யோசித்தாள். "எம்மாமியாருக்கு வீடியோ எடுத்து அனுப்பணும்" என்றாள். அப்படித்தான் முடிவானது.

*

ஷிஃப்ட் முடிந்தது. ஏர் கன்னை ஒருவரும் தொடவில்லை. கைப்பை, டிஃபன் தூக்கோடு எல்லோரும் டெஸ்பாட்ச் பக்கம் நடந்தார்கள்.

முதலில் குமுதா. "டேபிள் ஃபேன், ஒன்று" என்றது கதவு. கைதட்டல். அவளுக்குப் பின்னால் நான்காவது லைன் ஏகாம்பரம். "இண்டக்ஷன் அடுப்பு, ஒன்று." "யோவ், உன் பொண்டாட்டி தேடினாளே" என்று யாரோ சொன்னார்கள். குக்கர், குக்கர், மிக்ஸி, குக்கர். தனக்கு என்ன வரும் என்று ஒவ்வொருவரும் ஆவலாகப் போனார்கள். புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்ணுக்குக் கதவு எதுவும் சொல்லவில்லை. அவள் ஏமாற்றத்தோடு திரும்பிப் பார்த்ததும் எல்லோரும் அவளைத் தட்டிக்கொடுத்தார்கள்.

பிறகு ரோஸ்லின் போனாள். "மிக்ஸி, மூன்று ஜார், ஒன்று" என்றது கதவு. அவள் இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டாள். "பிரஷர் குக்கர், மூன்று லிட்டர், ஒன்று. பிரஷர் குக்கர், ஐந்து லிட்டர், ஒன்று. சீலிங் ஃபேன், ஒன்று." கும்பல் ஆரவாரம் செய்தது. கதவு நிறுத்தவில்லை. அந்தக் கடை வாசல் மேலாக இருந்ததைச் சொல்லிவிட்டுச் சும்மா இருந்துவிட்டது. இது சரக்குக் கதவு. லாட் லாட்டாக அடிவரைக்கும் எண்ணும். மற்றவர்களுக்கு அடி சீக்கிரம் வந்துவிட்டது. இட்லிப் பானை. இஸ்திரிப் பெட்டி. கம்பெனி எப்போதோ பூசுவதை நிறுத்திவிட்ட ஒரு கிரைண்டர். எட்டு வருடத்தையும் அந்த இனிமையான குரல் வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனது. கைதட்டல் ஒவ்வொன்றாகக் குறைந்து நின்றது. ரோஸ்லின் கும்பிட்ட கையை இறக்காமல், கதவு முடிக்கிறவரை அப்படியே நின்றாள்.

"அவ்ளோதானா?" என்றாள் கடைசியில்.

மெய்யப்பன் மாடிப்படியில் இறங்கி ஓடிவந்தார். போனில் ஹெட் ஆபீஸ். பதற்றத்தில் ஸ்பீக்கரை அழுத்திவிட்டது தெரியாமல் பேசினார்.

"மெய்யப்பன், இத்தனை சரக்கு வெளிய போனதா பில் போயிருக்கு. லாரி எங்கய்யா?"

"லாரி இல்ல சார். அது வந்து, கதவு ரிப்பேர்."

"கதவு ரிப்பேரா? நாளைக்கு அதே கதவை நாம ஒரு பெரிய கடைக்கு விக்கப் போறோம். அது பொய் சொல்லுதுன்னு நீங்க எழுதிக் குடுப்பீங்களா? இல்ல, சரக்கு திருடு போச்சா? அப்படின்னா போலீசுக்கு நான் போன் பண்றேன்."

தமயந்தி அவருக்கு எதிரே போய் நின்றாள். "மூணாவதா ஒரு பதில் இருக்குதே சார். அதைச் சொல்லுங்க."

"நீ சும்மா இரு." அவர் போனுக்குத் திரும்பினார். "சார், இப்பவே காட்டறேன். நான் மாவு பக்கமே போறதில்ல. கண்ணாடி ரூம்ல உக்காந்திருக்கறவன். என்னையே எதாவது சொல்லும் பாருங்க, அப்படி ஆகிப்போச்சு இந்தக் கதவு." போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு அவர் கதவைத் தாண்டினார்.

"பிரஷர் குக்கர், ஐந்து லிட்டர், ஒன்று. மிக்ஸி, இரண்டு ஜார், ஒன்று."

"பாத்தீங்களா சார்" என்று ஆரம்பித்தார். ஆனால் கதவு தன் திரையில் லாட் எண்ணையும் காட்டியது. அவருடைய லைனில், அவர் கையெழுத்துப் போட்டு ஓடவிட்ட லாட். அவர் அதைப் படித்தார். இன்னொரு தடவை படித்தார். கை தானாக நெஞ்சுக்குப் போனது.

"உங்க ரூம் ஏசிக்குக் காத்து எங்கருந்து வருது சார்?" என்றாள் தமயந்தி. "எங்க கூரையிலருந்துதான. நாங்களாவது ஒரு துணியக் கட்டியிருந்தோம்."

ரோஸ்லின் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துவந்து போட்டாள். "உக்காருங்க சார். மொதல்ல அப்படித்தான் இருக்கும். தண்ணி குடிங்க."

"மெய்யப்பன்? லைன்ல இருக்கீங்களா?" என்றது போன்.

அவர் உட்கார்ந்தார். தண்ணீர் குடித்தார். அப்புறம்தான் பேசினார். "இருக்கேன் சார். கதவு சரியாத்தான் சொல்லுது. சரக்கு எங்கயும் போகல. எங்களுக்குள்ளதான் இருக்கு."

*

லைன் நின்றது. கூண்டுக்கு இறுக்கமான கதவும் உறிஞ்சு குழாயும் பொருத்த ஆட்கள் வந்தார்கள். குளிக்கும் அறை வந்தது. துணியில்லாத, முகத்தில் அழுந்திப் பிடிக்கிற மாஸ்க் வந்தது. பாலமுரளி தினமும் ஏணி ஏறிப் பெட்டியின் மூக்கைத் துடைத்தான். நெஞ்சக மருத்துவமனையில் எல்லோரையும் பார்த்த டாக்டரம்மா பொய் சொல்லவில்லை. "கொஞ்சம் சளியோட வெளிய வரும். மீதி என்ன பண்ணும்னு எனக்கே தெரியாதும்மா. கூடவே இருந்து பாக்கணும்" என்றார். ரோஸ்லினுக்கு இன்ஹேலர் கொடுத்து, மாடிப்படி வேண்டாம் என்றார்.

எல்லோருக்கும் கொடுத்திருந்த சம்பளத்தோடு கூடிய விடுப்பு முடிகிற வாரம் ஹெட் ஆபீசிலிருந்து ஒரு மேடம் வந்தார். கேண்டீனில் கூட்டம். நல்ல கைத்தறிப் புடவை, நல்ல பேச்சு.

"உங்களுக்கு வெளிய போனா எவ்வளவு சங்கடம்னு எங்களுக்குப் புரியுது. கடை, கல்யாண மண்டபம், ஏர்போர்ட். அதனால ஒரு ஏற்பாடு. உங்ககிட்ட இருக்கற லாட் நம்பர் அத்தனையும் கணக்கிலருந்து நீக்கிடறோம். இனிமே எந்தக் கதவும் உங்களைப் பாத்துக் கத்தாது. நிம்மதியா நடமாடலாம்."

முதல் கைதட்டலே குமுதாவுடையது. மாமியார் விஷயம் தீர்ந்துவிடும். தமயந்தி எழுந்தாள்.

"கத்தாது, சரி. மாவு போயிடுமா மேடம்?"

"அது வேற விஷயம். அதுக்கு டாக்டர்ஸ் இருக்காங்க."

"நம்பரை எடுத்துட்டா, நாளைக்கு எங்கள்ல யாருக்காவது முடியாமப் போனா, இது உங்க மாவுதான்னு யாரு சொல்லுவாங்க?"

"நாங்க இருக்கோமே."

"நீங்க இருந்தப்பதான் மேடம் உள்ள போச்சு."

கைதட்டல் நின்றுவிட்டது. மேடம் புன்னகை மாறாமல், எல்லோருடைய விருப்பத்தையும் கேட்கலாம் என்றார். எல்லோரும் ரோஸ்லினைப் பார்த்தார்கள். அவளுக்குத்தான் அதிகம் கத்தும். பூக்கடைக்குக்கூட அவள் இப்போது ஆள் அனுப்பித்தான் வாங்குகிறாள்.

ரோஸ்லின் மெதுவாக எழுந்தாள். "கத்தட்டும் மேடம்" என்றாள். "இருமுது இருமுதுன்னு நான் சொன்னப்ப சுக்கு கஷாயம் குடின்னீங்க. கதவு சொன்னப்புறம்தான் டாக்டரைக் காட்டினீங்க. என்னைவிட அதுக்குத்தான் இங்க மரியாதை. இருந்துட்டுப் போவட்டும்."

தமயந்தி கை தூக்கினாள். ஏகாம்பரம் தூக்கினான். குமுதா ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுத் தூக்கினாள். கடைசி வரிசையில் சட்டைப் பையில் இன்ஹேலரோடு உட்கார்ந்திருந்த மெய்யப்பனின் கையும், யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்துக்கொண்டே, பாதி உயர்ந்தது.

*

நெஞ்சக மருத்துவமனையில் மாதம் ஒருமுறை காட்ட வேண்டும். அதற்கெதிரே இருக்கும் மருந்துக் கடையிலும் அந்தப் புதுக் கதவைப் போட்டிருந்தார்கள். மாத்திரை வாங்கிக்கொண்டு தமயந்தியும் ரோஸ்லினும் வெளியே வந்தார்கள். "குக்கர்" என்றது கதவு, "மிக்ஸி" என்றது. கடைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "போங்கம்மா, போங்க" என்று கையாட்டினார். பழகிவிட்டது.

படியில் இறங்கும்போது பின்னாலிருந்து அதே குரல் சொன்னது: "குழந்தைகள் டிஃபன் பாக்ஸ், நீல நிறம், ஒன்று. பில் போடப்படவில்லை."

இரண்டு பேரும் நின்றார்கள். ஒரகடத்தில் டிஃபன் பாக்ஸுக்கு மாவு பூசுவது கிடையாது. என்றைக்குமே பூசியதில்லை.

திரும்பிப் பார்த்தால் ஒல்லியாக ஒரு வாலிபன். ஒரு கையில் ஹெல்மெட், ஒரு கையில் இருமல் மருந்து பாட்டில். கூனிக் குறுகிப்போய், கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தான்.

"நான் எதையும் எடுக்கலீங்க. சத்தியமா. போற எடத்துலயெல்லாம் இப்படித்தான் கத்துதுங்க. பாட்டிலுக்கு பில்லு இருக்குது, பாருங்க."

"யாரும் உன்னை எதுவும் சொல்லல, வா" என்று ரோஸ்லின் அவன் கையைப் பிடித்து நிழலில் இருந்த பெஞ்சில் உட்கார வைத்தாள். பக்கத்தில் தானும் உட்கார்ந்தாள். "எந்தூரு தம்பி நீ?"

"ஓசூர் பக்கம்க்கா. பிளாஸ்டிக் கம்பெனி. பெரிய ஆஸ்பத்திரின்னு இங்க வந்தேன்."

"எத்தினி நாளா இருமல்?"

"எங்க லைன்ல எல்லாருக்குமே இருக்குதுக்கா. ஏசி ஒத்துக்கலைன்னு சொல்றாங்க."

தமயந்தி ஹெல்மெட்டை நகர்த்தி வைத்துவிட்டு அவனுக்கு எதிரே படியில் உட்கார்ந்தாள். மூன்று பேருக்கும் டீ சொன்னாள்.

"சரி, மெதுவாச் சொல்லு" என்றாள். "உங்க கம்பெனியில சரக்கு வெளிய போற கதவு எந்தப் பக்கம் இருக்குது?"